நனையாத முந்தானை

1

“அழுகாதவ பெத்த புள்ளை, அடுத்தவன் நோவைக் கண்டுபுடிக்கப் போறாளாமா!”

பத்து வருஷத்துக்கு முன்னால் வடகரப்பதி பஸ் நிறுத்தத்தில் பொன்னாத்தா அத்தை இதைச் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற இன்னொரு அம்மாளிடம், எனக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னார். நான் தகரப்பெட்டியோடு கோயமுத்தூருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். ரத்தத்தையும் சதையையும் சோதித்துப் பார்க்கிற லேப் டெக்னீஷியன் படிப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தின் வாசற்படியை மிதித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையோடு நின்றவளுக்குக் கோபம் வரத்தான் செய்தது. ஆனால் மறுத்துப் பேச வாய் வரவில்லை. அழுகாதவள் என்று அத்தை சொன்னது என் அம்மாவை. அது பொய் என்று சொல்ல எனக்கே நம்பிக்கை இல்லை.

இப்போது நான் இங்கிலாந்தின் வடக்கே ஒரு மில் நகரத்தில், ஆஸ்பத்திரி ஒன்றின் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். இந்த மாதத்தோடு வந்து ஐந்து வருஷம் ஆகிறது. ஐந்து வருஷம் முடிந்த அதே வாரத்தில் தம்பி கதிர்வேலுவின் கடிதம் வந்தது. தம்பி பொன்னாத்தா அத்தையின் மகள் சரசுவைத்தான் கட்டியிருக்கிறான். அப்பாவுக்கு அக்கா என்ற உரிமை போதாதென்று, அத்தைக்கு எங்கள் வீட்டில் சம்பந்தி உரிமையும் உண்டு.

“சரசுவுக்கு ஆண் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. ஐந்தாம் மாதம் குழந்தையை நம் ஊட்டுக்குக் கொண்டு வருகிறோம். அதற்குள் அம்மாவை நல்லேப்பிள்ளியில் பெரியம்மா ஊட்டில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்று அத்தை சொல்கிறார்கள். அம்மா கண்ணைப் பற்றி உனக்குத் தெரியும். பச்சைக் குழந்தை. நானும் யோசித்துப் பார்த்தேன், அதுதான் நல்லது. அம்மாவும் சரி என்றுதான் சொல்கிறது.”

கடைசி வரியை மூன்று தடவை படித்தேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அம்மா சொன்னதாக வருகிற எந்த வார்த்தையும் தம்பியின் பேனா வழியாக, அத்தையின் காது வழியாகத்தான் எனக்கு வந்து சேரும். அதனால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளும் வழக்கம் எனக்கு இல்லை.

மூன்று மாதம் இருக்கிறது. அதற்குப் பிறகு அம்மாவுக்கு அவர் கட்டிய வீட்டில் இடம் இல்லை.

2

இங்கே என் பெயர் மிஸ் வடகரப்பதி. பாஸ்போர்ட் ஆபீஸில், வி. தெய்வானை என்பதில் உள்ள ‘வி’ என்ன என்று கேட்டார்கள். ஊர்ப்பெயர் என்றேன். எழுதிக்கொண்டார்கள். விமானத்தில் இங்கே வந்து இறங்கினேன். இறங்கிய நாளிலிருந்து அதுவே என் குடும்பப் பெயர் ஆகிவிட்டது. அதையும் முழுதாகச் சொல்ல முடியாமல் மிஸ் வடா என்று சுருக்கிவிட்டார்கள். மாற்றித் தரச் சொல்லி நான்கு ஃபாரம் நிரப்பினேன். நான்காவது ஃபாரத்துக்குப் பதில் வந்தது. ‘அன்புள்ள மிஸ் வடகரப்பதி, உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது.’ ஊரை விட்டுத் தப்பித்து வந்தேன் என்று நினைத்தவளை ஊரின் பெயராலேயே கூப்பிடுகிறார்கள்.

தம்பியின் கடிதம் வந்த இரண்டாம் நாள், மில்லில் முப்பது வருஷம் தறி ஓட்டிய ஒரு அம்மாள் வழி தவறி எங்கள் சோதனைக்கூடத்தின் கதவைத் திறந்துகொண்டு வந்தார். நோயாளிகள் அங்கே வரக்கூடாது. நாங்கள் அவர்களுடைய சதைத் துணுக்கையும் ரத்தத்தையும்தான் பார்ப்போம், முகத்தைப் பார்க்க மாட்டோம். நான் எழுந்துபோய் அவர் கையில் இருந்த சீட்டை வாங்கினேன்.

“உதட்டுல ஒரு துளி வெட்டி எடுக்கணுமாம் கண்ணே, எந்தப் பக்கம் போகணும்?” என்று கேட்டார். இந்த ஊரில் எல்லோரும் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் பேசும்போது ஒவ்வொரு நாலைந்து வார்த்தைக்கும் நடுவில் ஒரு சின்னச் சத்தம் வந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, பிய்த்துக்கொண்டு வருகிற சத்தம். டொக். பிறகு கைப்பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து, எலுமிச்சைப் புளிப்பு மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, எனக்கும் நீட்டினார்.

“இது இல்லாட்டி எனக்குப் பேச்சே வராது. வாய் காகித அட்டையாட்டம் காய்ஞ்சிடும். கண்ணு வேற, யாரோ மணலை அள்ளிப் போட்ட மாதிரி. என் வீட்டுக்காரர் போனப்போ ஒரு சொட்டு வரல. என் மகள் இன்னைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவா.”

நான் மிட்டாயை வாங்கிக்கொண்டு சீட்டைக் கையில் வைத்தபடி நின்றுவிட்டேன். அந்த டொக் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன்.

3

அப்பா இறந்தபோது எனக்குப் பதினாறு வயது. கிணற்றை ஆழப்படுத்துகிற வேலையில் மண் சரிந்தது. மத்தியானம் கொண்டுவந்து வாசலில் கிடத்தினார்கள்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, தலையோடு தலை முட்டி ஒப்பாரி வைப்பார்கள். வருகிற ஒவ்வொருத்தியும் நேராகத் தாலியறுத்தவளிடம் போய் அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். அப்போது இரண்டு பேருடைய கண்ணீரும் ஒருவர் மேல் ஒருவர் படும். அம்மாவைக் கட்டிக்கொண்டு எழுந்த பெண்களின் தோள் நனையவில்லை. முதலில் ஒருத்தி தன் தோளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு இன்னொருத்தி.

அம்மா கத்தினார். மாரில் அடித்துக்கொண்டார். எல்லாம் செய்தார். கண்கள் மட்டும் சிவந்து, காய்ந்து, சுருங்கிக் கிடந்தன.

பொன்னாத்தா அத்தை அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து விரித்துக் காட்டினார்.

“பாருங்க, எல்லாரும் நல்லாப் பாருங்க. என்ற தம்பி கெடக்கறான், இவ முந்தானை ஒணக்கப் போட்ட மாதரக் கெடக்குது!”

“கண்ணு எரியுதுங்க நங்கையா” என்றார் அம்மா. புருஷனின் அக்காவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். “கொஞ்சம் தண்ணி குடுங்க. தொண்டைக்குள்ள எறங்க மாட்டேங்குது.”

“எரியுதாமா! எரியறதுக்கு அங்க என்னடி இருக்குது, கண்ணுலயே தண்ணியக் காணமே?”

அதைக் கேட்டுச் சாவு வீட்டிலேயே இரண்டு பேர் சிரித்தார்கள். நான் அத்தையின் கையிலிருந்து முந்தானையைப் பிடுங்கியிருக்க வேண்டும். பிடுங்கவில்லை. முந்தானையைத்தான் பார்த்தேன். ஈரம் எங்காவது இருக்கிறதா என்று தேடினேன்.

4

இதோடு போயிருந்தால் ஊர் மறந்திருக்கும். ஊரை மறக்க விடாமல் செய்தது புளி.

அம்மாவின் இடுப்பு முடிச்சில் எப்போதும் புளி இருக்கும். கொட்டை எடுத்து, நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, உப்பில் புரட்டியது. களை எடுக்கும்போதும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் அதில் கொஞ்சம் கிள்ளி வாயில் அடக்கிக்கொள்வார். அது இருந்தால்தான் வாயில் எச்சில் ஊறும், பேச முடியும், களி உள்ளே போகும். இதெல்லாம் எனக்கு இன்றைக்குத் தெரிகிறது. அப்பா இருந்தவரை யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. அப்பா போய் ஒரு மாதம் கழித்து, நாற்று நடுகிற இடத்தில் முடிச்சு அவிழ்ந்து ஒரு உருண்டை சேற்றில் விழுந்தது. அத்தை அதை எடுத்து எல்லோருக்கும் காட்டினார்.

“ஏனுங்க, புள்ளத்தாச்சி புளி திம்பா. தாலியறுத்தவளுக்கு எதுக்குங்க புளிப்பு?”

உருண்டையை வரப்பில் வீசிவிட்டு அத்தையே தொடர்ந்தார்.

“சரி உடுங்க. நாலு மாசத்துல வெவரம் தன்னால வெளிய வருமல்லோ.”

இந்தத் தப்பை எங்கள் ஊரில்தான் செய்ய முடியும். இங்கே அந்த மில் அம்மாள் நாள் முழுக்கப் புளிப்பு மிட்டாய் சப்பினாலும் யாரும் அவர் வயிற்றைப் பார்ப்பதில்லை. எங்கள் ஊரில் புளிப்பு ஒரு சாட்சி. அதற்குப் பிறகு மற்ற சாட்சிகளும் வந்தன. அம்மா கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்ப்பார், வெயில் பட்டால் எரியும். அதனால் ‘உத்து உத்துப் பாக்கறா’ என்றார்கள். சிவந்த கண். அத்தையின் எருமை பால் வற்றியபோது அம்மா அந்த வழியாகப் போயிருந்தார், அவர் கண் பட்டுவிட்டது என்றார்கள். நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றினார்கள், விளக்கெண்ணெய் விட்டார்கள். விளக்கெண்ணெய் விட்ட அன்று மட்டும் எரிச்சல் கொஞ்சம் அடங்குகிறது என்பார். நாற்பது வயதுக்குள் பற்கள் ஒவ்வொன்றாக நொறுங்கின. அதையும் பொய் சொன்ன வாய்க்குக் கிடைத்த கூலி என்றார்கள்.

இனி எழுதப் போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான் அந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. வீட்டில் படித்தவள் நான் ஒருத்தி. அத்தை சொன்ன நான்கு மாதத்தை நானும் எண்ணினேன். அம்மா குனியும்போது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கும்போது, சேலையை உதறிக் கட்டும்போது அவர் வயிற்றைப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முதுகு தேய்த்துவிடக் கூப்பிட்டார். தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன்.

அம்மா திரும்பாமல் கேட்டார். “பாத்துட்டியா அம்மிணி? இன்னும் பாக்கோணுமா?”

“என்னத்தம்மா?”

“ஒண்ணுமில்ல. தண்ணிய ஊத்து.”

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. நான்கு மாதம் ஆகியும் ஒன்றும் வெளியே வரவில்லை. ஊர், கலைத்திருப்பாள் என்றது. நான் என் படிப்பில் கவனமாக இருந்தேன்.

5

அந்த மில் அம்மாளின் உதட்டுத் துணுக்கு மறுவாரம் என் மேஜைக்கு வந்தது. கீழுதட்டின் உள்பக்கம் ஜவ்வரிசி அளவில் சின்னச் சின்ன எச்சில் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றில் நாலைந்தை எடுத்து, மெழுகில் பதித்து, வெங்காயச் சருகை விட மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றிக் கண்ணாடியில் ஒட்டுவது என் வேலை. நல்ல சுரப்பி, சின்னச் சின்னப் பூங்கொத்துகள் நெருங்கியிருப்பதைப் போல வெளிர்சிவப்பாகத் தெரியும். இதில் கொத்துகள் பாதி இல்லை. அவை இருந்த இடத்தில், குழாய்களைச் சுற்றி, எள்ளைக் கொட்டியது போலக் கருநீலப் புள்ளிகள். எல்லாம் வெள்ளணுக்கள். கிருமி வந்தால் அடிக்க வேண்டியவை. கிருமி எதுவும் இல்லாத இடத்தில், உடம்புக்குச் சொந்தமான சுரப்பியைத் தின்றுகொண்டிருந்தன. கண்ணீர்ச் சுரப்பியிலும் இதேதான் நடக்கிறதாம்.

இந்த நோய்க்கு ஸ்வீடன் நாட்டுக் கண் டாக்டர் ஒருவருடைய பெயரை வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர் என் நாக்குக்கு இன்னும் வசப்படவில்லை. எங்கள் ஆய்வு டாக்டர் ஸ்காட்லாந்துக்காரர், அவர் சொன்னாலும் பாதிதான் வருகிறது. அவரிடம் கேட்டேன், சொந்தச் சுரப்பியை ஏன் இவை தாக்குகின்றன என்று.

அவர் சொன்னதை என் பாஷையில் எழுதுகிறேன். சொந்த உடம்பைத் தாக்கக்கூடிய வெள்ளணுக்கள் எல்லோர் உடம்பிலும் கொஞ்சம் இருக்கின்றன. உங்களுக்கும் உண்டு, எனக்கும் உண்டு. அவை தாக்குவது அதிசயம் இல்லை. மற்றவர்களிடம் தாக்காமல் இருப்பதுதான் அதிசயம். வெள்ளணுக்களில் ஒரு வகை மற்றவற்றை ஏவிவிடுகிறது. இன்னொரு வகை, போதும் உட்கார் என்று அடக்குகிறது. அடக்குகிறவை குறைந்துபோனாலோ சோர்ந்துபோனாலோ, ஏவிவிடுகிறவற்றுக்குக் கடிவாளம் இல்லை. அப்போது கிருமியைக் கொல்ல எதிர்ப்பொருள் தயாரிக்கும் அணுக்கள் சொந்த அணுவின் மையப்பகுதிக்கே எதிராகத் தயாரிக்கத் தொடங்கிவிடும். ஒரு ஜாதி எலிக்கு வயதாக ஆக இப்படி நடக்கிறது, அதன் எச்சில் சுரப்பியிலும் எள் கொட்டியது போல ஆகிறது.

“அடக்குகிற அணுவை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டேன்.

“தனியாகப் பிரித்துக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது. அது இல்லாதபோது என்ன நடக்கிறது என்று பார்த்திருக்கிறேன்.”

“இல்லாததை வைத்து இருக்கிறது என்கிறீர்களா?”

அவர் சிரித்தார். “மிஸ் வடா, உன்னைப் போலீஸில் சேர்த்திருக்க வேண்டும்.”

எங்கள் ஊரில் எல்லோருமே போலீஸ்தான் என்று நான் சொல்லவில்லை.

அவருக்காக நான் ஒரு எண்ணிக்கை செய்கிறேன். செம்மறி ஆட்டின் ரத்தத்தை நோயாளியின் வெள்ளணுக்களோடு கலந்து வைத்தால், ஏவுகிற வகை, அடக்குகிற வகை இரண்டும் சேர்ந்த கூட்டத்தின் ஒவ்வொரு அணுவையும் சுற்றி ஆட்டின் சிவப்பணுக்கள் ஒட்டிக்கொண்டு பூப்போல நிற்கும். அந்தப் பூக்களை எண்ண வேண்டும். முதல் தடவை எண்ணியபோது நோயாளிகளிடம் பூ மிகவும் குறைவாக வந்தது. டாக்டருக்குச் சந்தோஷம். எனக்குச் சந்தேகம். எந்தக் குழாய் யாருடையது என்று எனக்கு முன்பே தெரியும். தெரிந்துகொண்டு எண்ணுகிற கண், தான் நினைத்ததையே பார்க்கும். அம்மாவின் முந்தானையில் நான் பார்த்ததும் அப்படித்தான். பக்கத்து மேஜைப் பெண்ணிடம் சொல்லி, குழாய்களின் சீட்டை மறைத்து வேறு எண் ஒட்டச் செய்து, திரும்ப எண்ணினேன். வித்தியாசம் சுருங்கியது. ஆனால் போய்விடவில்லை. டாக்டர் முகம் கொஞ்சம் வாடியது. எனக்கு அப்போதுதான் அதில் பாதி நம்பிக்கை வந்தது. பாதிதான். இன்னும் பத்து வருஷத்தில் இந்த அடக்குகிற அணுவே வேறு பெயரில், வேறு கதையாக மாறினாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

அம்மாவைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அதுவாக இருக்கலாம். கண்ணிமையில் பழைய புண் ஆறின வடுவாகவும் இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். ஐந்தாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து நோய்க்குப் பெயர் வைக்காதே” என்றார். அதுவரை சரி. அடுத்து, “ஒரே ஊரில் சொந்தத்துக்குள் கட்டிக்கொள்கிற குடும்பம் அல்லவா? எல்லோருடைய ரத்தமும் கிடைத்தால் நன்றாக இருக்கும்” என்றார். என் அம்மாவின் மேல் இவருக்கு வந்த அக்கறை எந்த வகை என்று எனக்குப் புரிந்தது. யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

6

நான் வாடகைக்கு இருப்பது தங்கம் அக்கா வீட்டில். அவர் இடுக்கிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவர், எங்கள் ஆஸ்பத்திரியில் கண் வார்டு நர்ஸ். அவருடைய தமிழ் தெற்கத்தித் தமிழ். நான் பேசுவதைக் கேட்டால் அவருக்குச் சிரிப்பு, அவர் பேசுவதைக் கேட்டால் எனக்கு. புளிக் கதையை அவரிடம் சொன்னபோது கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டார்.

“ஏட்டி, ஒங்க ஊர்ல புளி தின்னா புள்ளையா? அப்பம் எங்க எஸ்டேட்டுல ஆம்பளைங்க அம்புட்டுப் பேருக்கும்லா மாசம் ஆயிருக்கணும்!”

சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு, “நானும் எண்ணினேன் அக்கா” என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கொஞ்சம் விலகல் இருந்ததோ என்று எனக்கு இன்றும் ஐயம். இருந்தாலும் நியாயம்தான்.

அவருடைய ஐந்து வயது மகள் அந்த நேரம் பார்த்து பிஸ்கட்டைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். கண்ணீர் கன்னத்தில் ஓடி, முகவாயில் சொட்டி, சட்டையை நனைத்தது. ஒரு பிஸ்கட்டுக்கு இவ்வளவா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் இங்கிலீஷில், “ஆன்ட்டி, என்னை அப்படிப் பார்க்காதே” என்றாள். அவளுக்குத் தமிழ் புரியும், பேச மாட்டாள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். தங்கம் அக்கா அதைப் பெருமையாகச் சொல்வார், சில நாள் வேறு மாதிரியும் சொல்வார்.

மறுநாள் தங்கம் அக்கா வார்டிலிருந்து கேட்டு வாங்கி ஒரு சின்ன உறை கொண்டுவந்தார். உள்ளே விரல் நீளத்துக்கு, நெல்மணி அகலத்துக்கு மை உறிஞ்சுகிற காகிதத் துண்டுகள். ஒரு முனையை மடித்துக் கீழிமைக்குள் சொருகி, கண்ணை மூடி ஐந்து நிமிஷம் இருக்க வேண்டும். கண்ணீர் காகிதத்தில் எவ்வளவு தூரம் இறங்குகிறதோ, அதை அளந்தால் போதும். கண்ணில் சுரப்பு இருக்கிறதா இல்லையா என்று ஓரளவுக்குத் தெரிந்துவிடும்.

“பொறவு ஒங்க அத்தை என்ன சொல்லுதாண்ணு பாப்போம்” என்றார்.

முதலில் என் கண்ணில் வைத்துக்கொண்டேன். ஐந்து நிமிஷத்துக்குள் இரண்டு காகிதமும் முக்கால்வாசி நனைந்துவிட்டன. பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தேன்.

7

சந்தேகப்படுகிற பழக்கம் ஒருவரோடு நிற்பதில்லை. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே கேட்டேன். அம்மாவின் கண் வறண்டது என்று தெரிந்தால், அம்மாவுக்கு அப்பாவின் மேல் பிரியம் இருந்தது என்று ஆகிவிடுமா? ஆகாது. சுரப்பி வேறு, மனசு வேறு. கண்ணீர் சுரக்கிற என்னால் அப்பாவுக்காக எவ்வளவு அழ முடிந்தது? ஒரு பகல் அழுதேன், பிறகு நான்கு மாதம் அம்மாவை வேவு பார்த்தேன். நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டால் நான் செய்தது இல்லையென்று ஆகிவிடும் என்று ஆசைப்படுகிறேனோ? அந்த ஆசையின் மேல்தான் எனக்கு அதிகச் சந்தேகம்.

டாக்டர் சொன்ன அடக்குகிற அணுவை எங்கள் ஊரோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றியது. எனக்கு அந்த ஒப்புமை பிடிக்கவில்லை. அணுவுக்குப் பொறாமை கிடையாது, தம்பியைப் பறிகொடுத்த துக்கமும் கிடையாது. அத்தைக்கு இரண்டும் இருந்தன. ஆனால் ஒன்று மட்டும் உறுத்துகிறது. அன்றைக்கு வாசலில் அத்தனை பேர் இருந்தார்கள். போதும், முந்தானையை விடு என்று சொல்ல ஒரு ஆள் போதும். அந்த ஆளாக இருந்திருக்க வேண்டியவள் நான்.

லீவு கேட்டுப் பார்த்தேன். ஆபீஸ் அம்மாள் ஃபாரத்தைப் பார்த்துக்கொண்டே, “அம்மா சாகக் கிடக்கிறாரா கண்ணே?” என்று கேட்டார்.

“இல்லை. வீட்டை விட்டு அனுப்பப் போகிறார்கள்.”

“அதற்கு எங்களிடம் கட்டம் இல்லையே” என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். ஃபாரத்தில் மரணம், கடும் நோய் என்று இரண்டே கட்டங்கள். எனக்கு முறையான லீவு கிடைப்பது ஆறு மாதம் கழித்து. அதற்குள் குழந்தை வீட்டுக்கு வந்துவிடும், அம்மா நல்லேப்பிள்ளிக்குப் போய்விடுவார். ஒரு தடவை போய்விட்டால் திரும்பக் கூட்டிவர மாட்டார்கள்.

அதனால் கடிதம்தான் போக வேண்டும். என் கடிதங்கள் எங்கள் வீட்டில் எப்படிப் படிக்கப்படுகின்றன என்று எனக்குத் தெரியும். வெளிநாட்டு உறை வந்தால் அத்தைக்குச் சொல்லி அனுப்புவார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் வந்து உட்காருவார்கள். தம்பி நின்றுகொண்டு உரக்க வாசிப்பான். நடுவில் நிறுத்தினால் யாராவது, “அப்பறம்?” என்பார்கள். இத்தனை நாள் அந்த வழக்கத்துக்குப் பயந்து, சௌக்கியம், குளிர் அதிகம் என்று மட்டும் எழுதி வந்தேன். இந்தத் தடவை அந்த வாசலுக்காகவே எழுதினேன்.

தம்பிக்கும் எழுதவில்லை, அம்மாவுக்கும் எழுதவில்லை. உறையின் மேல் பொன்னாத்தா அத்தையின் பெயரை எழுதினேன். அத்தைக்கும் படிக்கத் தெரியாது, தம்பியைத்தான் வாசலில் வைத்து வாசிக்கச் சொல்வார்.

“அத்தைக்குத் தெய்வானை எழுதுவது. இதோடு ஆறு காகிதங்கள் வைத்திருக்கிறேன். இரண்டு அம்மாவுக்கு, இரண்டு உங்களுக்கு, இரண்டு சரசுவுக்கு. என்னோடு படித்த லீலா நர்ஸ் வந்து வைத்துவிடுவாள், அவளுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில், எல்லோரும் பார்க்க வைக்க வேண்டும். நனைந்த இடத்தில் அவளே கோடு போடுவாள். நான் வைத்துக்கொண்ட இரண்டையும் அனுப்பியிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் காகிதம் நனையாவிட்டால், கண்ணில் நீர் சுரக்காத நோய் அவருக்கு இருக்கலாம் என்று அர்த்தம். வாயிலும் சுரக்காது. புளி அதற்குத்தான். அப்புறம் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போய்க் கண் டாக்டரிடம் காட்ட வேண்டும். நோய் குழந்தைக்குக் கண் வழியாகப் போகாது.

ஒருவேளை அம்மாவின் காகிதம் நன்றாக நனைந்துவிட்டால், நான் நினைத்தது தப்பு. அப்போதும் அம்மா அந்த வீட்டில்தான் இருக்க வேண்டும். அது அவர் மண் சுமந்து கட்டின வீடு. அழுததையும் அழாததையும் பார்த்து வீட்டில் இடம் கொடுப்பதாக இருந்தால், முதலில் வெளியே போக வேண்டியவள் நான்.”

அதற்குக் கீழே ஒரு பத்தி மிச்சம் இருந்தது. அதை எழுதுவதற்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

“அப்பா செத்த வருஷம், அம்மா புளி தின்றதைப் பார்த்து நானும் நாலு மாசம் எண்ணினேன். அத்தை சொன்னதற்காக எண்ணவில்லை, எனக்கே சந்தேகம். முதுகு தேய்க்கிறேன் என்று அம்மாவின் வயிற்றை எட்டிப் பார்த்தேன். அம்மாவுக்கு அது தெரியும். பெற்ற மகள் பார்த்தாள் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். கதிர்வேலு, இதைத் தாண்டிப் போகாதே. எல்லோருக்கும் கேட்கும்படி வாசி. வாசித்து முடித்ததும் அம்மா என்ன சொன்னார் என்பதை மாற்றாமல் எனக்கு எழுது. ஒன்றும் சொல்லாவிட்டால், ஒன்றும் சொல்லவில்லை என்று எழுது.”

நேற்றுக் காலை வேலைக்குப் போகிற வழியில் தபால் ஆபீஸில் அதைப் பதிவுத் தபாலாகக் கொடுத்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் அனுப்புநர் பெயரைப் பார்த்து, “வடகரப்பதியிலிருந்து வடகரப்பதிக்கா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். முத்திரை குத்தி உறையைப் பின்னால் இருந்த பைக்குள் போட்டார். திரும்ப எடுக்க முடியுமா என்று நான் கேட்கவில்லை.